‘டாக்டர் பேச்சை மீறிப் போகிறேன்’ என்று எழுதி வாங்காதீர்கள்

பெங்களூரில் ஐசியூ நடத்தும் தனியார் மருத்துவமனைகளின் நிர்வாகிகளுக்கும், தீவிர சிகிச்சைப் பிரிவுத் தலைமை மருத்துவர்களுக்கும், மருத்துவ அறநெறிக் குழு உறுப்பினர்களுக்கும்.

பார்வைக்கு: பெங்களூரு நகர்ப்புற மாவட்ட சுகாதார அதிகாரி.

உங்கள் ஐசியூக்களில் ஒரு தாள் இருக்கிறது. ஒரே பக்கம்தான். பெரும்பாலும் ஆங்கிலம், சில இடங்களில் அடியில் கன்னடமும் உண்டு. ‘மருத்துவர்கள் நிலைமையை எனக்கு விளக்கினார்கள். அவர்களுடைய ஆலோசனைக்கு மாறாக, என் சொந்தப் பொறுப்பில் நோயாளியை அழைத்துச் செல்கிறேன். பின்விளைவு எதற்கும் மருத்துவமனையோ மருத்துவர்களோ பொறுப்பில்லை’ என்பது அதன் சாரம். கீழே பெயர், உறவு, தேதி, நேரம், போன் நம்பர், கையெழுத்து. வார்டில் இதற்கு டாமா (Discharge Against Medical Advice, மருத்துவ ஆலோசனையை மீறிய டிஸ்சார்ஜ்) என்று பெயர். பழைய நர்சுகள் லாமா என்பார்கள்.

இந்தத் தாளை நீட்டுவதற்கு அரை மணி நேரம் முன்னால் நடந்தது உங்களுக்குத் தெரியும். வீட்டாரைத் தனி அறைக்குக் கூப்பிட்டு, ‘எல்லாம் பண்ணிப் பார்த்தாச்சு. இனிமே எங்க கையில எதுவும் இல்ல. மெஷின்தான் ஓட்டுது. வேணும்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க’ என்று சொன்னவர் உங்கள் மருத்துவர். கன்னடத்தில் என்றால், ‘மனெகெ கர்கொண்டு ஹோகி’. வீட்டார் அழுதுகொண்டே தலையாட்டினார்கள். அதாவது, உங்கள் மருத்துவர் சொன்னதைக் கேட்டார்கள். கேட்டவர்களிடமே, கேட்கவில்லை என்று கையெழுத்து வாங்குகிறீர்கள். எந்த ஆலோசனையை அவர்கள் மீறினார்கள்?

அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம், ஈஜிபுரா, லிங்கராஜபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு வீட்டுப் பராமரிப்பிலும், ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பிலும் உதவுகிறவர்கள் நாங்கள். எங்களைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. உங்கள் தாளைப் பற்றிச் சொல்லத்தான் நிறைய இருக்கிறது.

மூன்று வெவ்வேறு நிலைமைகளுக்கு இந்த ஒரே தாளைப் பயன்படுத்துகிறீர்கள். ஒன்று, பிழைக்க வாய்ப்புள்ள நோயாளியை, வேண்டாம் என்று மருத்துவர் தடுத்தும் வீட்டார் கூட்டிப்போவது. நிமோனியாவில் ஆக்சிஜன் ஓடுகிறது, இன்னும் நான்கு நாள் இருந்தால் தேறிவிடுவார், ஆனால் ஊர் வைத்தியரிடம் போகவேண்டும் என்கிறார்கள். இந்தத் தாள் இதற்காகத்தான் பிறந்தது. இங்கே அது நேர்மையான தாள். அதில் எங்களுக்குச் சண்டை இல்லை. இரண்டாவது, பிழைக்க வாய்ப்பிருக்கிறது, ஆனால் கையில் இருந்ததும் நகையை வைத்து வாங்கியதும் தீர்ந்துவிட்டது. இங்கே வீட்டார் மீறுவது மருத்துவரின் பேச்சை இல்லை, பில்லிங் கவுண்டரின் கணக்கை. அதை ‘ஆலோசனையை மீறி’ என்று எழுதினால், பணமில்லாமல் போனது நோயாளியின் பிடிவாதம் என்று பதிவாகிறது. மூன்றாவது, மருத்துவம் இனி உதவாது என்று மருத்துவரே முடிவுக்கு வந்து, கருவிகளை எடுத்துவிடலாம் என்று அவரே சொல்லி, வீட்டாரும் ஒப்புக்கொள்வது. இந்த மடல் முக்கியமாக இந்த மூன்றாவதைப் பற்றியது. இதற்குச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது. அந்த வழியில் போகாமல் குறுக்குச் சந்தில் புகுவதற்குத்தான் டாமா உதவுகிறது.

வழி புதிதும் இல்லை. மும்பையில் பல ஆண்டுகள் நினைவற்றுக் கிடந்த நர்ஸ் அருணா ஷான்பாக் வழக்கில் 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம், உயிரைத் தாங்கும் சிகிச்சையை நிறுத்துவதற்கு முதன்முறையாகக் கதவைக் கொஞ்சம் திறந்தது. அப்போது ஒவ்வொரு நோயாளிக்கும் உயர் நீதிமன்ற அனுமதி வேண்டும் என்றது. 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, மானத்தோடு சாவதும் அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் அது வகுத்த நடைமுறை யாராலும் ஏறமுடியாத படிக்கட்டாக இருந்தது. 20 ஆண்டு அனுபவமுள்ள நிபுணர்கள் வேண்டும், மாவட்ட ஆட்சியர் குழு அமைக்க வேண்டும், மாஜிஸ்திரேட் நேரில் வந்து நோயாளியைப் பார்க்கவேண்டும். 2023 ஜனவரி 24 அன்று இன்னொரு ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தப் படிகளைக் குறைத்தது. கர்நாடக சுகாதாரத் துறை 2025 ஜனவரி 30 அன்று, அந்தத் தீர்ப்பை மாநிலத்தில் எப்படி நடைமுறைப்படுத்துவது என்று சுற்றறிக்கையே வெளியிட்டது. உங்கள் மேஜைக்கும் அது வந்திருக்கும்.

இப்போதைய நடைமுறை, உங்களுக்குத் தெரியும் என்றாலும், உங்கள் இரவு ட்யூட்டி டாக்டர்களில் பலருக்குத் தெரியவில்லை என்பதால் எழுதுகிறோம். முதல் குழுவை மருத்துவமனையே அமைக்கிறது: சிகிச்சை தரும் மருத்துவர், அவரோடு அந்தந்தத் துறையில் குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்கள். 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்வது நல்லது என்று நீதிமன்றம் சொல்கிறது. எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று நோயாளி முன்கூட்டியே மருத்துவ உயில் எழுதியிருந்தால் அதில் குறிப்பிட்டவர்களின் சம்மதம். எழுதவில்லை என்றால் நெருங்கிய உறவினர் சம்மதம். பிறகு இரண்டாவது குழு: முதல் குழுவில் இல்லாத இரண்டு நிபுணர்கள், அவர்களோடு மாவட்ட சுகாதார அதிகாரி நியமிக்கும் ஒரு பதிவுபெற்ற மருத்துவர். இதற்கும் 48 மணி நேரம். இரண்டு குழுவும் ஒத்துப்போனால், முடிவை முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவித்துவிட்டு, சிகிச்சைக் கருவிகளை விலக்கலாம். குழு மறுத்தால் வீட்டார் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

மாஜிஸ்திரேட்டுக்குத் ‘தெரிவிப்பது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அனுமதி கேட்பது இல்லை. ‘கோர்ட் ஆர்டர் இல்லாம வென்டிலேட்டரை எடுக்க முடியாதுங்க’ என்று உங்கள் மக்கள் தொடர்பு அதிகாரிகள் வீட்டாரிடம் சொல்கிறார்கள். அது 2011 முதல் 2018 வரை இருந்த நிலைமை. பழைய சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்திவிட்டு, அதே மூச்சில் ‘ஆனா டாமா எழுதிக் கொடுத்தா இப்பவே கூட்டிட்டுப் போகலாம்’ என்கிறார்கள். சட்டப்படி ஆஸ்பத்திரியில் எடுக்கக்கூடாத கருவியை, சட்டப்படி ஆம்புலன்சில் எடுக்கலாமா? இந்த முரண்பாட்டை உங்கள் அறநெறிக் குழுக் கூட்டத்தில் ஒருநாளாவது யாராவது எழுப்பியிருக்கிறார்களா?

உங்கள் பக்கத்துக் காரணங்களும் எங்களுக்குப் புரியாமல் இல்லை. இரண்டு குழு, இரண்டு 48 மணி நேரம் என்றால் நான்கு நாள் வரை ஆகலாம். டாமாவுக்கு அரை மணி நேரம் போதும். குழு கூடும் வரை ஐசியூ படுக்கைக்கு யார் பணம் கட்டுவது என்பது நியாயமான கேள்வி. மாவட்ட அதிகாரியின் பிரதிநிதி கிடைக்காமல் இழுக்கும். உறவினரில் ஒருவர் பின்னால் போலீசுக்குப் போனால் என்ன செய்வது என்ற பயம். வார்டில் கல்லெறிந்த கதைகளும் நடந்தவைதான். வீட்டில் நடந்த சாவு உங்கள் ஐசியூ இறப்புக் கணக்கில் வராது என்பதையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். நீங்கள் சேர்க்கமாட்டீர்கள் என்பதால் நாங்கள் சேர்க்கிறோம். ஆனால் சட்டப் பயத்துக்கு மருந்து சட்ட நடைமுறைதான். இரண்டு குழுக்களின் கையெழுத்தும் மாஜிஸ்திரேட்டுக்குப் போன கடிதத்தின் நகலும் கேஸ் ஷீட்டில் இருந்தால் மருத்துவருக்கு அதைவிடப் பெரிய கவசம் எது? மறுபக்கம், நோயாளி பிழைக்கமாட்டார் என்று நீங்களே கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கையில், ‘ஆலோசனையை மீறி’ என்ற டாமா தாள் அதற்கு நேர் முரணாக அதே கோப்பில் கிடக்கிறது. ஒரு நல்ல வக்கீலுக்கு அது ஒன்றே போதும்.

இனி, அந்தத் தாளில் கையெழுத்துப் போட்ட பிறகு நடப்பது. லிஃப்ட் கதவு மூடியபின் நடப்பதை நீங்கள் பார்ப்பதில்லை.

பெங்களூரில் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் பலர், கடைசி மூச்சு சொந்த ஊரில் போகவேண்டும் என்று நினைக்கிறார்கள். கிருஷ்ணகிரி என்றால் சுமார் 90 கிலோமீட்டர். திருவண்ணாமலை என்றால் சுமார் 200. வாயில் குழாயோடு நோயாளி ஆம்புலன்சில் ஏற்றப்படுகிறார். வென்டிலேட்டர் வைத்த ஆம்புலன்சுக்கு வாடகை பல மடங்கு என்பதால் பெரும்பாலும் கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பையான ஆம்பு பேக்தான். ஒரு பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். ஆம்பு பேக்குக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் வைத்தால் 150 நிமிடம். 15 லிட்டர் வைத்தால் 100 நிமிடம். சில்க் போர்டில் சிக்கி, எலக்ட்ரானிக் சிட்டி தாண்டி, அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து ஓசூர் போய்ச் சேரவே பாதி தீர்ந்துவிடும். சூளகிரியிலோ கிருஷ்ணகிரி டோல்கேட்டிலோ முள் சிவப்புக்கு வந்து நிற்கும். பெரிய டி டைப் சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் இருக்கும், அது தாங்கும். வண்டியில் அது இருக்கிறதா, நிரம்பியிருக்கிறதா என்று வார்டிலிருந்து யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

ஆம்பு பேக்கை அமுக்குவது யார்? நர்ஸ் கூட வந்தால் தனிக் கட்டணம் என்பதால் பல நேரம் மகனோ மருமகனோ. நிமிடத்துக்கு 12 தடவை, ஐந்து மணி நேரப் பயணத்துக்கு 3,600 தடவை. ஐந்து நிமிடம் காட்டிக்கொடுத்துவிட்டுக் கையில் கொடுக்கிறார்கள். கை சோர்ந்தால் வேகம் குறையும். பதற்றத்தில் வேகமாக அமுக்கினால் காற்று முழுதாக வெளியேறாமல் நெஞ்சில் தேங்கும். நோயாளிக்கு நினைவு இருந்தால், அவர் உணர்வது மூச்சுத்திணறல். ஐசியூவில் ஓடிக்கொண்டிருந்த மயக்க மருந்தின் சொட்டு, ட்ராலியில் ஏற்றும்போதே கழற்றப்பட்டுவிட்டது. டாமா என்பதால் மருந்துச் சீட்டும் இல்லை.

வீட்டு வாசலில் இறக்கியதும் குழாயை எடுக்கவேண்டும். தொண்டைக்குள் போகிற குழாயின் நுனிப்பக்கம் காற்றடித்த ஒரு சிறு பலூன் இருக்கும். காற்றுக் கசியாமல் மூச்சுக்குழாயை அடைத்து, குழாயையும் இடத்தில் நிறுத்துவது அதுதான். வெளியே தொங்கும் மெல்லிய வால் குழாயில் சிரிஞ்ச் மாட்டி அந்தக் காற்றை உறிஞ்சிவிட்டுத்தான் குழாயை இழுக்கவேண்டும். தெரியாதவர் கன்னத்து பிளாஸ்திரியைப் பிய்த்து அப்படியே இழுத்தால் ஊதிய பலூன் குரல் நாண்களைக் கிழித்துக்கொண்டு வரும். எடுப்பதற்கு முன் சளியை உறிஞ்சவேண்டும். ஆம்புலன்சில் அந்தக் கருவி இருந்தாலும் வீட்டுக்குள் வராது. கூடத்தில் பாய் போட்டு, தலைமாட்டில் விளக்கு வைத்து, சுற்றிலும் சொந்தபந்தம் நிற்க, இந்த வேலையை ஆம்புலன்ஸ் டிரைவர் செய்கிறார். அல்லது ஊர் கம்பவுண்டர். சில வீடுகளில் மகள்.

இது நீங்கள் செய்ய மறுத்த அதே செயல். உங்களிடம் மானிட்டர், மருந்து, பயிற்சி பெற்ற கை எல்லாம் இருந்தும் செய்யாததை, எதுவும் இல்லாதவர் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறீர்கள்.

முறையாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பது உங்கள் தீவிர சிகிச்சை நிபுணர்களுக்குப் பாடம் நடத்தும் விஷயம் இல்லை. மூக்குக் குழாய் உணவைச் சில மணி நேரம் முன்பே நிறுத்துவது. தசையைத் தளர்த்தும் மருந்து உடலில் மிச்சமிருந்தால் அது முழுதும் இறங்கும்வரை காத்திருப்பது. இல்லாவிட்டால் நோயாளி தவிப்பதுகூட வெளியே தெரியாது. தொண்டையில் கரகரப்பு வராமலிருக்க சுரப்பை உலர்த்தும் மருந்தை முன்கூட்டியே கொடுப்பது. மார்பின் 2 முதல் 5 மில்லிகிராம் நரம்பு வழியாகக் கொடுத்து, தவிப்பு தெரிந்தால் மேலும் கொடுப்பது, தேவைப்பட்டால் பதற்றம் தணிக்கும் மயக்க மருந்தான மிடாசோலமும். மானிட்டர் அலாரங்களை அணைப்பது. வென்டிலேட்டர் ஆக்சிஜனைச் சாதாரணக் காற்றின் அளவான 21 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, அழுத்தத்தைக் குறைத்து, தவிப்பு இல்லை என்று உறுதி செய்தபின் குழாயை எடுப்பது. வீட்டாரை உள்ளே விடுவது. வாயில் ஒரு சொட்டுப் பால் விடவேண்டும் என்றாலும், துளசித் தீர்த்தம், துஆ, ஜெபம் எது வேண்டும் என்றாலும் விடுவது. இதற்கு ஒரு மூலைப் படுக்கையும் ஒரு திரைச்சீலையும் ஒரு நர்சின் இரண்டு மூன்று மணி நேரமும் போதும்.

மார்பின் என்றதும் சிலர் பின்வாங்குகிறார்கள், மூச்சை அடக்கிவிடும், அது கொலையாகிவிடும் என்று. தவிப்பைத் தணிக்கத் தேவையான அளவு, தேவைக்கேற்பக் கூட்டுவது, நோக்கம் கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டிருப்பது: இந்த மூன்றும் இருந்தால் அது வலி நிவாரணம். நல்ல நோக்கத்தோடு கொடுக்கும் மருந்துக்கு வேண்டாத விளைவு ஒன்று இருக்கக்கூடும் என்று தெரிந்தாலும் அது தவறாகாது, மருத்துவ அறநெறியில் இதை இரட்டை விளைவு என்று பாடப்புத்தகமே சொல்கிறது. போதைப்பொருள் சட்டமும் 2014 திருத்தத்துக்குப் பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் மார்பின் வைத்துக்கொள்வதை எளிதாக்கியிருக்கிறது. புற்றுநோய் முற்றியவர்களுக்கு நம் ஊரிலேயே கருணாஷ்ரயா போன்ற இடங்கள் இலவசமாக இந்தப் பராமரிப்பைத் தருகின்றன. உங்கள் மருத்துவமனையிலிருந்து அங்கே ஒரு போன் போட்டுப் பேசினால் போதும் என்ற நிலையிலும், நோயாளி டாமா தாளோடு ஓசூர் ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறார்.

பிறகு சான்றிதழ். ஆஸ்பத்திரியில் இறந்தால் இறப்புக் காரணச் சான்றிதழ் படிவம் 4-இல் உங்கள் மருத்துவர் தருவார். வெளியே இறந்தால் படிவம் 4ஏ. அதைத் தரவேண்டியவர் கடைசி நோயில் சிகிச்சை கொடுத்த மருத்துவர், அதுவும் கட்டணம் வாங்காமல், என்கிறது 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். அந்த மருத்துவர் உங்களுடையவர்தான். ஆனால் ‘டாமா ஆயிட்டாங்க, எங்களுக்கும் அவங்களுக்கும் சம்பந்தம் இல்ல’ என்று கவுண்டரில் பதில் வருகிறது. கல்பள்ளி மின் மயானத்தில் சீட்டில்லாமல் உள்ளே விடமாட்டார்கள். நோயாளியை ஒருமுறைகூடப் பார்க்காத தெரு முனை கிளினிக் டாக்டரிடம் கெஞ்சி, அவர் ‘மாரடைப்பு’ என்று ஒரு வரி எழுதிக்கொடுக்கிறார். சிறுநீரகம் செயலிழந்து ரத்தத்தில் கிருமி பரவி இறந்தவர் அரசுக் கணக்கில் மாரடைப்பு ஆகிறார். ஓடும் வண்டியில் உயிர் போனால் இன்னும் வினோதம்: வண்டி முதலில் நிற்கும் இடத்தில் இறப்பைத் தெரிவிக்கவேண்டியது வண்டிக்குப் பொறுப்பானவர் என்று விதி. அத்திப்பள்ளி தாண்டி ஒரு டீக்கடையோரம் நிற்கும் ஆம்புலன்ஸ் டிரைவரின் தலையில் அந்தக் கடமையும் விழுகிறது. அவருக்கு அது தெரியாது. நீங்களும் சொல்லி அனுப்பவில்லை.

காப்பீடு பற்றி நீட்டவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஆலோசனையை மீறி’ என்று இருந்தால் கேள்வி வராமல் போகாது என்பது உங்கள் காப்பீட்டுப் பிரிவுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

இதுவரை சொன்னது உடம்புக்கு நேர்வது. கையெழுத்துப் போட்டவருக்கு நேர்வதும் உண்டு.

சிகிச்சையைத் தொடங்காமல் இருப்பதும், தொடங்கிய சிகிச்சையை நிறுத்துவதும் அறநெறியில் ஒன்றுதான் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. தர்க்கமாகப் பார்த்தால் சரி. ஆனால் வென்டிலேட்டர் போடவேண்டாம் என்று சொன்ன மகனும், போட்டதை எடுக்கச் சொன்ன மகனும் ஒரே மாதிரி தூங்குவதில்லை. இரண்டாமவருக்குக் கை நீட்டி எதையோ அணைத்தது போல இருக்கிறது. அந்த வித்தியாசம் தர்க்கத்தில் இல்லை, மனசில் இருக்கிறது. அதனால்தான் முடிவு யாருடையது என்பதை எழுதும் தாள் முக்கியமாகிறது. நோய்தான் கொல்கிறது, கருவி அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தது, தள்ளிப்போடுவதால் இனி அவருக்கு நன்மை இல்லை என்று ஐந்தாறு மருத்துவர்கள் பார்த்து முடிவு செய்தார்கள், வீட்டார் ஒப்புக்கொண்டார்கள் என்பது உண்மையான வரிசை. இரண்டு குழு நடைமுறை இந்த வரிசையை அப்படியே காகிதத்தில் வைக்கிறது. டாமா இதைத் தலைகீழாக்குகிறது: மருத்துவர்கள் வேண்டாம் என்றார்கள், மகன்தான் கொண்டுபோனான்.

கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பியபின் அந்தத் தாளின் நகலை எடுத்துப் படிக்கிறார்கள். அதுவரை அதைப் படிக்க நேரமில்லை. இங்கிலீஷ் தெரிந்த பேரனோ பேத்தியோ மொழிபெயர்த்துச் சொல்கிறது. ‘அப்ப டாக்டர் இருக்கச் சொன்னாரா? நாமதான் கொன்னுட்டோமா?’ இந்தக் கேள்வி எங்கள் காதில் விழுந்த வீடுகள் ஒன்றிரண்டு இல்லை. அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்ற வீடுகளும் உண்டு. கையெழுத்துப் போட்டவர் ஒருவர், போடாதவர்கள் மற்றவர்கள். நீங்கள் உங்களைக் காத்துக்கொள்ள எழுதிய ஒரு வரி, அந்த வீட்டில் இருபது வருஷம் வழக்காக ஓடும்.

மொழியும் இதில் பாதிக் குற்றவாளி. சமிரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம், சம்மதம் என்றால் நோயும் சிகிச்சையும் ஆபத்தும் மாற்று வழியும் புரிந்து கொடுக்கப்பட்டதாக இருக்கவேண்டும் என்றது. புரியாத மொழியில் போட்ட கையெழுத்து எப்படிச் சம்மதமாகும்? ஐசியூ வாசலில் மொழிபெயர்ப்பது பெரும்பாலும் இங்கிலீஷ் மீடியத்தில் பத்தாவது படிக்கும் பெண் குழந்தை. டாக்டர் ‘கிரிட்டிக்கல் பட் ஸ்டேபிள்’ என்றால், ‘ஸ்டேபிளா இருக்காராம்’ என்று அது பாட்டியிடம் சொல்கிறது. பாட்டிக்கு அது ‘தேறிட்டார்’ என்று கேட்கிறது. உங்கள் அகராதியில் அதன் பொருள், மோசமான நிலை மேலும் மோசமாகவில்லை என்பது மட்டும். வலியும் தவிப்பும் இல்லாமல் பார்த்துக்கொள்ளும் ‘கம்ஃபர்ட் கேர்’ என்பது ‘சும்மா பாத்துக்கறது’ ஆகிறது. ‘நெஞ்சு நின்னா திரும்ப அமுக்கவேண்டாம்’ என்ற குறிப்பு, ‘எதுவும் செய்யவேண்டாம்னு எழுதித் தரணுமாம்’ என்று போய்ச் சேர்ந்து வீட்டில் சண்டை வருகிறது. தன் தாத்தாவின் சாவைத் தானே மொழிபெயர்த்துச் சொல்லவேண்டிய வேலையை அந்தக் குழந்தைக்கு யார் கொடுத்தது?

முன்கூட்டிய மருத்துவ உயில் பற்றியும் ஒரு வார்த்தை. இதை எழுத மாஜிஸ்திரேட்டிடம் போகவேண்டும் என்ற 2018 நிபந்தனை இப்போது இல்லை. வயது வந்த, சுயநினைவுள்ள எவரும் எழுதலாம். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும். தனக்காக முடிவெடுக்கவேண்டியவர்கள் பெயரை அதில் எழுதவேண்டும். எப்போது வேண்டுமானாலும் எழுத்துப்பூர்வமாக மாற்றலாம். ஒரு பிரதி குடும்ப மருத்துவரிடமும், ஒரு பிரதி உள்ளாட்சியின் பொறுப்பு அதிகாரியிடமும் போகவேண்டும். பெங்களூரு 2025-இல் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தபின், அந்த அதிகாரி எந்தக் கட்டிடத்தில் எந்த மேஜையில் என்று எங்கள் பகுதி முதியவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. அதைவிட வருத்தம், கையில் அந்த உயிலோடு வருபவரிடம் அட்மிஷன் கவுண்டரில் ‘இது என்ன சார்?’ என்று கேட்டுத் திருப்பிக் கொடுப்பது. அவர் எழுதி வைத்தது இந்த நாளுக்காகத்தான்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

டாமா தாளை மூன்றாகப் பிரியுங்கள். மருத்துவர் உண்மையிலேயே தடுத்தும் போகிறவர்களுக்கு மட்டும் இப்போதைய வாசகம். பணத்தால் போகிறவர்களுக்கு, அரசு மருத்துவமனைக்கு மாற்றும் தாள். எந்த மருத்துவமனையில் யாரிடம் பேசியது, படுக்கை இருக்கிறதா என்பதோடு, காரணம் பணம் என்று வெளிப்படையாக எழுதுங்கள். சிகிச்சை பயனற்றது என்று நீங்களே முடிவு செய்தவர்களுக்கு டாமா கூடவே கூடாது. முதல் குழுவை அன்றைக்கே கூட்டுங்கள்.

இரண்டாவது குழுவுக்கான ஆட்களை நோயாளி வந்தபின் தேடாதீர்கள். மாவட்ட சுகாதார அதிகாரி அவர்களே, ஒவ்வொரு பெரிய மருத்துவமனைக்கும் இன்னார், அவர் இல்லை என்றால் இன்னார் என்று, இரவும் ஞாயிறும் சேர்த்து, பட்டியலை முன்கூட்டியே நியமித்துப் பொதுவில் வையுங்கள். மூளைச்சாவை உறுதிசெய்ய ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற நரம்பியல், மயக்கவியல், தீவிர சிகிச்சை நிபுணர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள், அவர்களிடமிருந்தே தொடங்கலாம். குழு முடிவெடுக்கும் நாட்களுக்கு ஐசியூ வாடகை வாங்காதீர்கள், அல்லது பாதியாவது குறையுங்கள். தாமதம் உங்கள் பக்கம் என்றால் பில் வீட்டார் பக்கம் போகக்கூடாது.

வீட்டில்தான் உயிர் போகவேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு, குழுக்கள் ஒப்புக்கொண்டபின், குழாயை எடுக்கத் தெரிந்த நர்சையும், சளி உறிஞ்சும் கருவியையும், மார்பின் உள்ளிட்ட மருந்தையும் சேர்த்து அனுப்புங்கள். சிலிண்டரின் லிட்டரைத் தூரத்தோடு கணக்கிட்டு, அந்தக் கணக்கைத் தாளில் எழுதி, வார்டு பொறுப்பாளர் கையெழுத்திடட்டும். படிவம் 4ஏ தர எந்த மருத்துவரை எந்த எண்ணில் கூப்பிடவேண்டும் என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்தில் அச்சிடுங்கள்.

வீட்டாரிடம் பேசும் அறையில் வயது வந்த, பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் இருக்கட்டும். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது, இந்தி ஐந்துக்கும். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவரை மொழிபெயர்க்க வைக்கக்கூடாது என்று எழுத்தில் உத்தரவிடுங்கள். அட்மிஷன் படிவத்தில் ‘முன்கூட்டிய மருத்துவ உயில் உண்டா? யாரிடம்?’ என்று ஒரு வரி சேர்த்து, இருந்தால் அதன் நகலைக் கேஸ் ஷீட்டின் மேலேயே வையுங்கள்.

இந்த மடலுக்கு 30 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும்: உங்கள் மருத்துவமனையில் முதல் குழு இருக்கிறதா, அதில் யார் யார், 2025 ஜனவரி சுற்றறிக்கைக்குப் பின் அது எத்தனை முறை கூடியது, அதே காலத்தில் ஐசியூவிலிருந்து எத்தனை டாமா போனது. கூடவே நீங்கள் இப்போது பயன்படுத்தும் டாமா தாளின் வெற்றுப் பிரதி ஒன்றையும் அனுப்புங்கள். புதிய தாள்களை நீங்கள் எழுதியதும் தமிழில் மொழிபெயர்த்துத் தருகிறோம். அதற்குக் கட்டணம் வேண்டாம்.

இப்படிக்கு,
பெங்களூரு தமிழ்க் குடும்பங்களுக்கு வீட்டுப் பராமரிப்பில் உதவும் செவிலியர்களும் மொழிபெயர்ப்பாளர்களும்